ஹாஃப்ஸ்டாடரின் புத்தகமும் அதில் இல்லாத கதவும்

சில புத்தகங்களைப் படித்து முடித்ததும் நாம் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்ட மாதிரி இருக்கும். ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாடர் 1963-ல் எழுதிய 'ஆன்டி-இன்டலெக்சுவலிசம் இன் அமெரிக்கன் லைஃப்' எனக்கு அப்படி ஒரு புத்தகம். முதல் தடவை படித்தது 2016 தேர்தல் முடிந்த கையோடு. அதற்கப்புறம் அமெரிக்காவில் என்னதான் நடக்கிறது என்று யார் கேட்டாலும், "இதெல்லாம் புதுசு இல்லைங்க, ஹாஃப்ஸ்டாடர் அன்னைக்கே எழுதிட்டார்" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். அந்த ஒரு வரி எல்லாக் கேள்விக்கும் பதிலாக இருந்தது. ஒரே பதில் எல்லாக் கேள்விக்கும் பொருந்தினாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை.

2025-ல் கொலம்பியா, ஹார்வர்டு செய்திகள் வாரத்துக்கு ஒன்றாக வரத் தொடங்கியபோது புத்தகத்தை மறுபடியும் எடுத்தேன். கூடவே கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். உயர்கல்வி மீது நல்ல நம்பிக்கை இருக்கிறது என்று சொன்ன அமெரிக்கர்கள் 2015-ல் 57 சதவீதம். 2023-ல் 36. ரிபப்ளிகன் கட்சிக்காரர்களை மட்டும் எடுத்தால் 56-லிருந்து 19-க்கு விழுந்திருக்கிறது. டெமாக்ரட் பக்கமும் 68-லிருந்து 59. 2025-ல் மொத்த எண் 42-க்கு ஏறியது, ஆனாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அமெரிக்க மனசிலேயே அறிவுஜீவிகள் மீது ஒரு வெறுப்பு ஊறிப்போயிருக்கிறது என்பதுதான் காரணம் என்றால், அது 2015-லும் ஊறித்தானே இருந்திருக்கும்? எட்டே வருடத்தில் இவ்வளவு ஆட்டம் எப்படி வந்தது? இந்தக் கேள்வியோடு படித்தபோதுதான் புத்தகம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

முதலில் புத்தகம் பற்றி. ஹாஃப்ஸ்டாடர் கொலம்பியா பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர். இந்தப் புத்தகத்துக்கு 1964-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அது அவருடைய இரண்டாவது புலிட்சர். எழுதத் தூண்டியது 1950-களின் சூழல். செனட்டர் மெக்கார்த்தி பேராசிரியர்களையும் அரசு அதிகாரிகளையும் கம்யூனிஸ்ட் என்று துரத்திக்கொண்டிருந்த காலம். 1952 தேர்தலில் அட்லாய் ஸ்டீவன்சனையும் அவரை ஆதரித்த படித்த கூட்டத்தையும் 'முட்டைத்தலை' என்று கிண்டலடித்தார்கள். ஜெயித்தது ஐசன்ஹோவர். வேடிக்கை என்னவென்றால், ஐசன்ஹோவர் ஜனாதிபதி ஆவதற்கு முன்னால் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். அதாவது ஹாஃப்ஸ்டாடருக்கே மேலதிகாரி.

புத்தகம் நான்கு பக்கமிருந்து விஷயத்தைச் சுற்றி வளைக்கிறது: மதம், அரசியல், வியாபாரம், பள்ளிக்கல்வி. படித்த பாதிரியாரைவிட உள்ளம் உருகிப் பிரசங்கம் செய்பவரே கடவுளுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று நம்பிய எழுப்புதல் இயக்கங்கள் ஒரு பக்கம். 1828-ல் ஹார்வர்டில் பாடம் எடுத்த ஜான் குவின்சி ஆடம்ஸைத் தோற்கடித்து ஆண்ட்ரூ ஜாக்சன் ஜெயித்தது இன்னொரு பக்கம். (ஐந்து வருடம் கழித்து அதே ஹார்வர்டு ஜாக்சனுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆடம்ஸ் அந்த விழாவுக்குப் போக மறுத்துவிட்டார். கௌரவ டாக்டர் பட்ட அரசியல் எங்கேயும் ஒன்றுதான்.) கல்லூரிப் படிப்பு தொழிலுக்கு உதவாது என்று நினைத்த கார்னெகி போன்ற முதலாளிகள் மூன்றாவது பக்கம். இவர் முக்கியமாகச் சொல்வது, இந்த வெறுப்பு கெட்ட இடத்திலிருந்து மட்டும் வரவில்லை என்பது. எல்லோரும் சமம், யாருக்கும் யாரும் தலைவணங்க வேண்டாம் என்கிற நல்ல உணர்விலிருந்துதான் இதுவும் கிளைத்திருக்கிறது என்கிறார். இந்த நேர்மைக்காகவே புத்தகம் இன்னும் நிற்கிறது.

அதிலும் எனக்கு மிகவும் பிடித்த, அதே நேரம் உறுத்திய பகுதி ஒன்று உண்டு. ஹாஃப்ஸ்டாடர் இரண்டு விஷயங்களைப் பிரிக்கிறார். ஒன்று புத்திசாலித்தனம்: கொடுத்த கணக்கைச் சீக்கிரம் போடுகிற திறமை. இன்னொன்று சிந்தனை: இந்தக் கணக்கை ஏன் போட வேண்டும், யாருக்காகப் போட வேண்டும் என்று கேட்பது. அமெரிக்கா முதலாவதை ஒருநாளும் வெறுத்ததில்லை, கொண்டாடியிருக்கிறது என்பது அவர் வாதம். எடிசனுக்குக் கைதட்டுகிற நாடு அது. சந்தேகம் எல்லாம் இரண்டாவது ஆளின் மீதுதான்.

நான் பி.இ. இருபது வருடமாக மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வாசிப்பில் என்னை நானே இரண்டாவது ஆளின் பக்கம் உட்கார வைத்துக்கொண்டு, ஹாஃப்ஸ்டாடரோடு சேர்ந்து அந்தப் பாமரர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். மறுவாசிப்பில்தான் உறைத்தது, நான் உட்கார வேண்டிய நாற்காலி அது இல்லை. "இதனால என்ன யூஸ்?" என்பது என் தொழிலில் தினமும் பத்து தடவை கேட்கிற கேள்வி. இலக்கியம், தத்துவம் படிக்கப்போகிற பிள்ளைகளைப் பார்த்து எங்கள் கூட்டம் கேட்பதும் அதுதான். அமெரிக்க அரசியல்வாதி கல்லூரியைத் திட்டும்போது கூடவே தவறாமல் ஒன்று சொல்வார்: வெல்டர் வேண்டும், என்ஜினீயர் வேண்டும், மானுடவியல் ஆட்கள் வேண்டாம். நான் அவர் வேண்டும் என்கிற பட்டியலில் இருக்கிறேன். ஆக, இதை எழுதுகிற நானும் நடுநிலையான ஆள் இல்லை.

இதுவரை பாராட்டு. இனிமேல் சண்டை.

ஹாஃப்ஸ்டாடர் சொல்லும் கதையில் பேராசிரியருக்கு ஆபத்து கீழேயிருந்துதான் வருகிறது. விவசாயி, பிரசங்கி, சிறுநகரத்துக் கடைக்காரர் என்று. ஆனால் அமெரிக்க வரலாற்றில் பேராசிரியர்களை யார் வேலையை விட்டுத் தூக்கினார்கள் என்று பார்த்தால் வேறொரு கதை கிடைக்கிறது. எட்வர்டு பெமிஸ் என்று ஒரு பொருளாதார ஆசிரியர். 1895-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலை போனது. ராக்ஃபெல்லர் பணத்தில் எழுந்த பல்கலைக்கழகம் அது. ரயில் கம்பெனிகளையும் ஏகபோகங்களையும் விமர்சித்ததுதான் காரணம் என்று அவர் தரப்பு சொன்னது, பல்கலைக்கழகம் மறுத்தது. அதன்பின் அவருக்கு வேலை கொடுத்தது யார் தெரியுமா? கான்சாஸ் மாநில விவசாயக் கல்லூரி. அப்போது அந்தக் கல்லூரியின் நிர்வாகக் குழு பாப்புலிஸ்டுகள் கையில் இருந்தது. அதாவது கடனில் மூழ்கிய விவசாயிகளின் கட்சி. ஹாஃப்ஸ்டாடர் தன் முந்தைய புத்தகத்தில், உலகம் மாறுவது புரியாமல் சதிக்கோட்பாடு பேசியவர்கள் என்று வர்ணித்த அதே ஆட்கள். 1899-ல் ரிபப்ளிகன்கள் நிர்வாகக் குழுவைக் கைப்பற்றியதும் பெமிஸுக்கு மறுபடியும் வேலை போனது.

பாப்புலிஸ்டுகளும் சுத்தத் தங்கம் இல்லை. 1897-ல் அவர்கள் வந்ததும் செய்த முதல் வேலை, எல்லா ஆசிரியர்களின் ஒப்பந்தத்தையும் ஒரே அடியாக முடித்து, தங்களுக்குச் சரிப்பட்டவர்களை மட்டும் திரும்ப எடுத்தது. கல்லூரியைக் கைப்பற்றுவது என்பது ஒரு கட்சியின் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் கடனாளி விவசாயிகள் கல்லூரியை மூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தங்கள் பிரச்சினையைப் பேசுகிற பொருளாதார ஆசிரியர் வேண்டும் என்று கேட்டார்கள். விவசாயிகள் சங்கம் ஊர் ஊராகப் பேச்சாளர்களை அனுப்பி நாணயக் கொள்கையும் கடன் முறையும் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த இயக்கம். அதை அறிவு வெறுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்து ஸ்டான்ஃபோர்டு, 1900. எட்வர்டு ராஸ் என்கிற சமூகவியலாளரை வெளியேற்றச் சொன்னது ஜேன் ஸ்டான்ஃபோர்டு, நிறுவனரின் மனைவி, பல்கலைக்கழகத்தின் ஒரே பெரும் புரவலர். ராஸ் ரயில்வே முதலாளிகளுக்குப் பிடிக்காத பொருளாதாரம் பேசினார். கூடவே ஆசியத் தொழிலாளர்கள் குடியேறுவதை எதிர்த்து அசிங்கமான இனவாதமும் பேசினார். ஸ்டான்ஃபோர்டு குடும்பத்தின் சொத்தோ சீனத் தொழிலாளர்கள் போட்ட ரயில் பாதையிலிருந்து வந்தது. இதில் யார் நல்லவர் என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் இதை எதிர்த்து ராஜினாமா செய்தவர்களில் ஒருவரான ஆர்தர் லவ்ஜாய்தான் பின்னர் 1915-ல் ஜான் டூயியோடு சேர்ந்து அமெரிக்கப் பேராசிரியர்கள் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் பிறந்தது பணம் கொடுத்தவர்களிடமிருந்தும் நிர்வாகக் குழுக்களிடமிருந்தும் தப்பிக்கத்தான்.

இதெல்லாம் ஹாஃப்ஸ்டாடருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் கல்விச் சுதந்திரத்தின் வரலாறு பற்றி 1955-ல் வால்டர் மெட்ஸ்கரோடு சேர்ந்து ஒரு தடிமனான புத்தகமே எழுதியவர் அவர். தெரிந்தும், 1963 புத்தகத்தில் இதற்கு உரிய எடை கிடைக்கவில்லை. வியாபாரிகள் பற்றிய பகுதி இருக்கிறது. ஆனால் அங்கே வியாபாரி, படிப்பை மதிக்காத நடைமுறைவாதியாக வருகிறார். கல்லூரிக்குச் சொந்தக்காரராக வருவதில்லை.

இரண்டாவது சண்டை, ஸ்கோப்ஸ் வழக்கு. 1925 ஜூலை, டென்னசி மாநிலத்தில் டேட்டன் என்கிற சின்ன ஊர். பள்ளியில் பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். மேல் நீதிமன்றம் 1927-ல் ஒரு நடைமுறைப் பிழையைக் காட்டித் தீர்ப்பை ரத்து செய்தது. அரசுத் தரப்பில் வாதாடியவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கிற மக்களுக்குத்தான் என்ன சொல்லித்தர வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை உண்டு என்பது அவர் நிலைப்பாடு. ஹாஃப்ஸ்டாடர் புத்தகத்தில் பிரையன் முக்கியமான சாட்சி. உயிரியலில் பிரையன் தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் ஸ்கோப்ஸ் வகுப்பில் இருந்த பாடப்புத்தகத்தைப் பார்க்க வேண்டும். ஜார்ஜ் வில்லியம் ஹன்டர் எழுதிய 'எ சிவிக் பயாலஜி', 1914. அதே புத்தகம் மனித இனங்களை ஐந்தாகப் பிரித்து வெள்ளையரை உச்சியில் வைத்தது. புத்தி மந்தமானவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பங்களைச் சமூகத்தின் ஒட்டுண்ணிகள் என்று சொல்லித்தந்தது. இன மேம்பாட்டுக் கொள்கையான யூஜெனிக்ஸ் அன்றைக்குத் தெருமுனைப் பேச்சு இல்லை. பெரிய பல்கலைக்கழகங்களின் பாடம். ஸ்டான்ஃபோர்டின் முதல் தலைவர் டேவிட் ஸ்டார் ஜோர்டன் அதன் பிரச்சாரகர். 1927-ல் உச்ச நீதிமன்றம் 'பக் எதிர் பெல்' வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டாயக் கருத்தடைக்குப் பச்சைக்கொடி காட்டியது. தீர்ப்பை எழுதியவர் ஹார்வர்டின் பெருமை என்று கருதப்பட்ட ஹோம்ஸ். இருபதாம் நூற்றாண்டில் அறுபதாயிரம் பேருக்கு மேல் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டார்கள்.

பிரையன் இதற்காகத்தான் வழக்காடினார் என்று சொல்லவரவில்லை. அவருடைய கவலை பைபிள். நான் சொல்வது, படித்தவர்கள் மீது ஒரு டென்னசி ஏழைக் குடும்பத்துக்குச் சந்தேகம் இருந்தால், அது முழுக்க அறியாமையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது. நிபுணர்கள் அவர்கள் வீட்டுக்குள் வந்தபோது சில சமயம் கையில் கத்தியோடு வந்திருக்கிறார்கள். ஹாஃப்ஸ்டாடரின் கணக்கேட்டில் மக்கள் அறிவுஜீவிகளுக்குச் செய்த அநியாயங்களுக்கு ஒரு பத்தி இருக்கிறது. எதிர்ப்பத்தி காலியாக இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அமெரிக்க மக்கள் கல்லூரியை நம்பிய காலமும் ஒன்று இருந்தது. எப்போது, ஏன் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், விவசாயமும் இயந்திரத் தொழிலும் சொல்லித்தரும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. (அந்த நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது என்பது தனிக்கட்டுரைக்கான விஷயம்.) 1944-ல் போர் வீரர்களுக்கான ஜி.ஐ. மசோதா வந்தது. சுமார் 22 லட்சம் பேர் அந்தப் பணத்தில் கல்லூரிக்குப் போனார்கள். 1947-ல் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னாள் வீரர்கள். கறுப்பின வீரர்கள் நடைமுறையில் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தத் திட்டத்தைப் பார்த்துப் பயந்தது யார்? சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், இது கல்லூரிகளை நாடோடிகளின் கூடாரமாக்கிவிடும் என்று பத்திரிகையில் எழுதினார். ஹார்வர்டு தலைவர் ஜேம்ஸ் கோனன்டுக்கும் தகுதியில்லாதவர்கள் வந்து நிறைவார்கள் என்ற கவலை. கடைசியில் வந்த வீரர்கள் நன்றாகவே படித்தார்கள். இங்கே மக்கள் கல்லூரியைச் சந்தேகிக்கவில்லை. கல்லூரிதான் மக்களைச் சந்தேகித்தது.

நியூயார்க் நகரக் கல்லூரிகள் 1976 வரை கட்டணம் வாங்கவில்லை. கலிபோர்னியாவின் 1960-ம் ஆண்டுத் திட்டம் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது என்ற கொள்கையை உறுதி செய்தது. அங்கே அதை முதலில் அசைத்தவர் ரொனால்ட் ரீகன். பெர்க்லி மாணவர் போராட்டத்தை 'ஒழுங்குபடுத்துவேன்' என்று சொல்லி 1966-ல் கவர்னர் தேர்தலில் ஜெயித்தார். 1967 ஜனவரியில் பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் வெளியேற்றப்பட்டார். அடுத்த மாதம் ரீகன், வரி கட்டுபவர்கள் பிறருடைய அறிவுத் தாகத்துக்கு மானியம் கொடுக்க வேண்டியதில்லை என்கிற பொருளில் பேசினார். கட்டணம் மெல்ல மெல்ல உள்ளே வந்தது.

அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. பட்டம் இல்லாமல் கிடைத்துக்கொண்டிருந்த வேலைகளுக்கெல்லாம் பட்டம் கேட்க ஆரம்பித்தார்கள். 1971-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த 'கிரிக்ஸ் எதிர் டியூக் பவர்' வழக்கை ஒரு முன்னோட்டமாகப் பார்க்கலாம். வட கரோலினாவில் ஒரு மின் நிலையம். கறுப்பினத் தொழிலாளர்களைக் கூலி வேலையில் மட்டும் வைத்திருந்த நிர்வாகம், இனப்பாகுபாடு சட்டவிரோதம் என்று ஆனதும், நல்ல வேலைகளுக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழும் தேர்வுகளும் வேண்டும் என்று வைத்துக்கொண்டது. சான்றிதழ் இல்லாத வெள்ளையர்கள் அதே வேலையை ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத தகுதியைக் காட்டி வடிகட்டக் கூடாது என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆனால் கல்லூரிப் பட்டம் என்கிற சல்லடை அதற்கப்புறமும் வளர்ந்துகொண்டேதான் போனது. இன்றைக்குக் கல்விக்கடன் ஒன்றரை லட்சம் கோடி டாலருக்கும் மேல், கடனாளிகள் நான்கு கோடிக்கும் மேல். பெரியவர்களில் பட்டம் பெற்றவர்கள் இன்னும் பாதியைத் தொடவில்லை. ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் போட்ட கணக்கு ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 25 வயது அமெரிக்கர் இன்னும் எத்தனை வருடம் வாழ்வார் என்று பார்த்தால், பட்டம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் 1992-ல் இருந்த வித்தியாசம் சுமார் இரண்டரை வருடம். 2021-ல் எட்டரை வருடம்.

எட்டரை வருட ஆயுளுக்கு நுழைவுச்சீட்டு கொடுக்கிற இடம் கல்லூரி. அங்கே யார் நுழைகிறார்கள் என்று பார்த்தால், ராஜ் செட்டியும் சகாக்களும் 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது: ஒரே தேர்வு மதிப்பெண் எடுத்த பிள்ளைகளிலும், முதல் ஒரு சதவீதப் பணக்கார வீட்டுப் பிள்ளை ஹார்வர்டு வகையறாவில் சேரும் வாய்ப்பு நடுத்தர வீட்டுப் பிள்ளையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இந்த நிலைமையில் வெளியே நிற்பவர் கதவைப் பார்த்துக் காறித் துப்பினால், அதற்கு 'அறிவுஜீவி வெறுப்பு' என்று பெயர் வைப்பது சரியான நோயறிதலாக எனக்குத் தோன்றவில்லை. அவர் புத்தகத்தை வெறுக்கவில்லை, டோல்கேட்டை வெறுக்கிறார்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி வரும். 2015-ல் கல்லூரிகள் நாட்டுக்குக் கெடுதல் என்று சொன்ன ரிபப்ளிகன் ஆதரவாளர்கள் 37 சதவீதம் என்கிறது பியூ ஆய்வு. 2017-ல் அது 58. இரண்டு வருடத்தில் கட்டணமா எகிறிவிட்டது? கடனா இரட்டிப்பானது? இல்லை. ஆக என் டோல்கேட் விளக்கம் மட்டும் போதாது. இங்கேதான் அந்தக் கோபத்தை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் வருகிறார்கள். இவர்கள் யாருமே வெளியே நிற்கிறவர்கள் இல்லை.

ஜார்ஜ் வாலஸ் 1963 ஜூன் 11 அன்று அலபாமா பல்கலைக்கழக வாசலில் நேராகவே போய் நின்றார், இரண்டு கறுப்பின மாணவர்கள் சேர்வதைத் தடுக்க. ஐந்து வருடம் கழித்து ஜனாதிபதி தேர்தலில், சைக்கிளை நேராக நிறுத்தத் தெரியாத கூர்மண்டைப் பேராசிரியர்கள் என்று கிண்டலடித்து ஏறக்குறைய ஒரு கோடி ஓட்டு வாங்கினார். அவர் நின்ற வாசல் அவருடைய சொந்தக் கல்லூரி வாசல். சட்டம் படித்தது அங்கேதான். நிக்சன் 1972 டிசம்பரில், பேராசிரியர்கள்தான் எதிரி, இதைக் கரும்பலகையில் நூறு தடவை எழுதி வை என்று சொன்னது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. யாரிடம் சொன்னார்? ஹென்றி கிஸ்ஸிஞ்சரிடம். ஹார்வர்டு பேராசிரியர்! 2021-ல் ஜே.டி. வான்ஸ், பல்கலைக்கழகங்கள்தான் எதிரி என்று தலைப்பு வைத்துப் பேசிய உரையை அந்த நிக்சன் வசனத்தோடுதான் முடித்தார். அவர் யேல் சட்டக் கல்லூரி. எல்லோரும் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று ஒபாமா நினைப்பது மேட்டிமைத்தனம் என்று 2012-ல் சொன்ன ரிக் சான்டோரமுக்கு மூன்று பட்டம். ஃபுளோரிடாவில் நியூ காலேஜைக் கைப்பற்றிய டிசான்டிஸ், யேலும் ஹார்வர்டும். 2023 டிசம்பரில் ஹார்வர்டு, பென்சில்வேனியா, எம்.ஐ.டி. தலைவர்களை நாடாளுமன்ற விசாரணையில் திணறடித்த எலிஸ் ஸ்டெஃபானிக், ஹார்வர்டு.

இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே வார்த்தைக்குள் அடைத்ததுதான் ஹாஃப்ஸ்டாடர் புத்தகத்தின் அடிப்படைக் கோளாறு என்று நினைக்கிறேன். சந்திக்கும் இடம் ஒன்றுதான், ஆட்கள் வேறு. 1970 மே 8 அன்று நியூயார்க் வால் ஸ்ட்ரீட் பக்கம் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. அதைக் கண்டித்துக் கூடிய மாணவர்களை நூற்றுக்கணக்கான கட்டடத் தொழிலாளர்கள் ஹெல்மெட்டோடு வந்து அடித்து நொறுக்கினார்கள். பலர் உலக வர்த்தக மையக் கோபுரங்களைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள். அடித்தது குற்றம். அதேசமயம், கல்லூரியில் சேர்ந்தால் ராணுவ அழைப்பைத் தள்ளிப்போடலாம் என்ற விதியால் வியட்நாமுக்குப் போனது பெரும்பாலும் அந்தத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அந்தப் போரைத் திட்டமிட்டவர்கள் வரிசையிலும் மக்னமாரா, பண்டி என்று ஹார்வர்டு வாசனை தூக்கலாக இருந்தது. அந்தக் கோபத்துக்கு வேர் இருக்கிறது. அந்த மாதக் கடைசியில் நிக்சன் தொழிற்சங்கத் தலைவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, அவர்கள் கொடுத்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார். தலைவர்களில் ஒருவரான பீட்டர் பிரென்னன் பின்னர் தொழிலாளர் துறை அமைச்சரானார். போர் அதற்கப்புறமும் நடந்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அதற்கப்புறமும் போனார்கள்.

2025-ல் நடந்ததையும் இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கொஞ்சம் புரிகிறது. மார்ச்சில் கொலம்பியாவுக்கு 40 கோடி டாலர் நிதி ரத்து. ஜூலையில் கொலம்பியா 20 கோடிக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஏப்ரலில் அரசின் கோரிக்கைகளை ஹார்வர்டு மறுத்ததும் 220 கோடி டாலருக்கு மேல் முடக்கினார்கள். செப்டம்பரில் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. முடங்கியதில் பெரும்பங்கு ஆய்வுப் பணம். அதாவது மருத்துவமும் உயிரியலும், அமெரிக்கா எப்போதும் கொண்டாடுகிற 'புத்திசாலித்தனம்' பக்கத்துத் துறைகள். ஹாஃப்ஸ்டாடரின் பிரிவினைப்படி பார்த்தால் இவை பத்திரமாக இருந்திருக்க வேண்டும். பணக்காரப் பல்கலைக்கழகங்களின் சொத்து வருமானத்துக்கு 8 சதவீதம் வரை வரி வந்தது. நியாயமாகச் சொன்னால், அதே சட்டத்தில் குறுகிய காலத் தொழிற்பயிற்சிக்கும் பெல் உதவித்தொகை உண்டு என்று ஒரு ஷரத்தும் வந்தது. மற்றபடி, ஹார்வர்டை அடித்ததால் ஒஹையோவில் ஒரு பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று தேடிப்பார்த்தேன். வேறெதுவும் கண்ணில் படவில்லை. செப்டம்பரில் புதிய எச்-1பி விசா மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் போட்டபோது, 'வேண்டும்' பட்டியலில் இருந்த எங்கள் ஆட்களும் கொஞ்சம் நெளிந்தார்கள்.

கதவைத் திறக்கிற வேலை சத்தமில்லாமல் வேறு இடத்தில் நடந்திருக்கிறது. 2022-ல் மேரிலாந்தில் ரிபப்ளிகன் கவர்னர் லாரி ஹோகன் ஆயிரக்கணக்கான அரசு வேலைகளுக்குப் பட்டம் தேவையில்லை என்று அறிவித்தார். 2023 ஜனவரியில் பென்சில்வேனியாவில் டெமாக்ரட் கவர்னர் ஜோஷ் ஷாப்பிரோவின் முதல் ஆணையே அதுதான். மாநில வேலைகளில் 92 சதவீதத்துக்கு அந்த நிபந்தனை போனது. இதற்கு யாரும் பேராசிரியரைத் திட்டவேண்டியிருக்கவில்லை.

ஹாஃப்ஸ்டாடர் 1970-ல் 54 வயதிலேயே இறந்துபோனார். அதற்கு இரண்டு வருடம் முன்பு அவர் வாழ்க்கையில் ஒரு காட்சி. 1968 வசந்தத்தில் கொலம்பியாவில் மாணவர்கள் கட்டடங்களைப் பிடித்துக்கொண்டார்கள்; போலீஸ் வந்து 700 பேர் வரை கைது செய்தது. ஜூனில் பட்டமளிப்பு விழா. பல்கலைக்கழகத் தலைவர் பேசினால் கலவரமாகும் என்ற நிலை. வழக்கத்தை மாற்றி ஹாஃப்ஸ்டாடரைப் பேசச் சொன்னார்கள். பல்கலைக்கழகம் என்பது சுதந்திரமாக விவாதிக்கும் இடம், அதைக் காப்பாற்றுங்கள் என்கிற தொனியில் பேசினார். நல்ல பேச்சு. பட்டம் வாங்க வந்தவர்களில் சுமார் 300 பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவர்களில் யாரும் பிரையனின் சீடர்கள் இல்லை.

அந்தப் போராட்டத்துக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, போர் ஆராய்ச்சியில் பல்கலைக்கழகத்தின் பங்கு. இன்னொன்று, ஒரு ஜிம். கொலம்பியா மேட்டின் மேலே இருக்கிறது, கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் கீழே. நடுவில் இருக்கிற பொதுப் பூங்காவில் பல்கலைக்கழகம் உடற்பயிற்சிக் கூடம் கட்ட ஆரம்பித்திருந்தது. சின்னதாக ஒரு பகுதியை ஹார்லெம் மக்களும் பயன்படுத்தலாம் என்றார்கள். வரைபடத்தில் மாணவர்களுக்கான வாசல் மேலே இருந்தது. ஹார்லெம்காரர்களுக்கு அடியில் தனி வாசல்.